கிழக்கு முற்றத்தில் முப்பத்தெட்டு இடங்கள்

பிப்ரவரி 3, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். சேலத்துக்கு வடக்கே, கரட்டுக் குன்றின் அடியில், மூடிக் கிடக்கும் வெள்ளைக்கல் ஆலை. வெட்டி எடுத்த வெள்ளைக்கல்லை இங்கே சூளையில் சுட்டு, எஃகு ஆலைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே உருக்கு உலைகளின் உட்சுவர் இந்தக் கல்லால் ஆனதுதான். ஆலை மூடி இருபத்தேழு வருடம் ஆகிறது. இனி இது பூங்கா ஆகப்போகிறது. அதற்குமுன் எது எங்கே இருந்தது என்று தோண்டிப் பார்த்து எழுதிவைப்பது எங்கள் வேலை. மார்ச் 31 வரை.

இயக்குநர் முனைவர் தேவசகாயம். என்னைப் போலத் தற்காலிகமாகச் சேர்ந்திருக்கும் இன்னொருவர் பிரபாகர். எங்கள் இருவரில் ஒருவருக்கு மார்ச்சில் திட்ட உதவியாளர் பதவி, மூன்று வருட ஒப்பந்தம். இதைப் பிரபாகர் முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன்.

ஒவ்வொரு மண்ணடுக்குக்கும் ஒரு தாள் எழுத வேண்டும். பேனாவால்தான். அடித்தல் திருத்தல் கூடாது. "நேர்காணல்ல உங்களப் பாக்க மாட்டாங்க, உங்க தாளத்தான் பாப்பாங்க" என்றார் சார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

புதர் வெட்டவும் மண் சலிக்கவும் உள்ளூர்ப் பெண்கள் மூன்று பேர் வருகிறார்கள். பெருமாயி, சரசு, நல்லம்மா. மூவருக்கும் கூடக்குறைய அறுபது வயது. என்னை மேடம் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

விடுதியில் காலை ஆறு மணிக்குமேல் தண்ணீர் வராது.

பிப்ரவரி 5, புதன்

சூளைக்குக் கிழக்கே ஒரு திறந்த முற்றம். மேல்மண்ணுக்கு அடியில் ஒரு சாண் கனத்துக்கு வெள்ளையும் பழுப்புமாகக் கல் சில்லுகள். இதற்கு மூன்றாம் அடுக்கு என்று எண் கொடுத்தோம்.

தாளில் 'என்னவாகக் கருதப்படுகிறது' என்று ஒரு கட்டம் உண்டு. பிரபாகரிடம் கேட்டேன். "வேஸ்ட்டுதாங்க, வேறென்ன" என்றார். 'கழிவு' என்று எழுதினேன். சார் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "கையெழுத்து அழகா இருக்கும்மா" என்றார்.

அந்தப் பாராட்டுக்காக இதை எழுதவில்லை. நாள் முழுவதும் நடந்தது அவ்வளவுதான்.

பிப்ரவரி 7, வெள்ளி

24ஆம் தேதி ஜே.சி.பி. வருகிறது. மூன்றாம் அடுக்கை முழுதாக வழித்து எடுத்துவிட்டால் சூளையின் அடித்தளமும் பழைய தண்டவாளமும் தெரியும் என்று சார் சொன்னார். கழிவு அடுக்கைச் சலிக்கத் தேவையில்லை. அதற்கு நான் எழுதிய தாளே போதும்.

ஒரு விஷயம் கவனித்தேன். மதியம் சாப்பிடச் சூளைச் சுவர் நிழல் இருக்கிறது, கருவேல மர நிழலும் இருக்கிறது. மூன்று பெண்களும் கிழக்கு முற்றத்தில், நல்ல வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு இடமாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இருந்த இடத்திலிருந்தே கத்திப் பேசிக்கொள்கிறார்கள். குழம்பு வேண்டுமென்றால் ஒருத்தர் எழுந்துபோய் வாங்கிக்கொண்டு திரும்பத் தன் இடத்துக்கே வருகிறார். ஏதோ சண்டை போலிருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

துணி துவைத்தேன். அப்பா பேசினார். "நெரந்தரம் ஆயிடுமா?" என்றார். ஆகலாம் என்றேன். பக்கத்தில் யாரிடமோ "ஆயிடுமாம்" என்று சொல்வது கேட்டது.

பிப்ரவரி 12, புதன்

நான் தினமும் தகரக் கொட்டகையில் தனியாகச் சாப்பிடுவேன். இன்று பெருமாயி அங்கிருந்தே கூப்பிட்டார். "சோத்த எடுத்துக்கிட்டு வா கண்ணு. அந்த அடுப்புக்குள்ள ஒத்தையில உக்காந்து என்ன பண்ற?"

மேடம் போய்க் கண்ணு ஆனது எனக்குப் பிடித்திருந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். பெருமாயிக்கும் சரசுவுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது. அங்கே உட்கார்ந்தேன்.

மூன்று பேரின் கையும் நின்றுவிட்டது.

"எந்திரி புள்ள" என்றார் சரசு.

எழுந்தேன். என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. சாதி ஏதாவது பார்க்கிறார்களோ என்றுதான் முதலில் தோன்றியது.

"அது அங்கம்மா எடம்" என்றார் பெருமாயி. "நீ அந்தால, நல்லம்மாவுக்கு முன்னால உக்காரு. அது நடக்கற தடம். யாருதும் இல்ல."

உட்கார்ந்தேன். பேசாமல் இருப்பது மரியாதையாக இருக்காது என்று, "அங்கம்மா எப்போ இறந்தாங்க?" என்று கேட்டேன்.

சரசு சிரித்ததில் சோறு புரையேறியது. "சாவறதா? அவ திருப்பூர்ல மவ வூட்டுல ஃபேனப் போட்டுக்கிட்டு டிவி பாத்துக்கிட்டிருக்கா. நம்மள எல்லாம் பொதைச்சிட்டுத்தான் போவா."

"அப்போ இந்த இடம்?"

"எடம் அவளுதுதான? அவ திருப்பூரு போனா எடமும் பஸ் ஏறிப் போயிருமா?"

மூவரும் இந்த ஆலையில் கல் கொத்தியவர்கள். பெருமாயி பத்தொன்பது வருடம். இது எனக்குத் தெரியாது. நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பீர்களா என்றேன். "மம்முட்டி புடிக்க வந்தவள எவன் கேக்கப்போறான்?" என்றார் பெருமாயி.

வெள்ளைக்கல் வெட்டும்போதே பழுப்புக்கல்லும் ஒட்டிக்கொண்டுதான் வருமாம். அது கொஞ்சம் இருந்தாலும் சூளையில் எல்லாம் கெட்டுப்போகும். டிராலியில் கொண்டுவந்து ஒவ்வொருத்தி முன்னாலும் கல்லைக் கொட்டுவார்கள். சின்னச் சுத்தியால் பழுப்பைத் தட்டித் தட்டி எடுத்துவிட்டு, சுத்தமான கல்லைக் கூடையில் போட வேண்டும். முற்றம் முழுக்கப் பெண்கள்தான். இடம் ஒருத்திக்கு ஒன்று. மாறி உட்கார்ந்தால் ஒருத்தி கல் இன்னொருத்தி கணக்கில் போய்விடும். "அப்பறம் மேஸ்திரி கண்ணு முன்னாலயே ஒருத்தி மசுர ஒருத்தி புடிச்சிக்க வேண்டியதுதான்" என்றார் நல்லம்மா. அவர் இன்று பேசியது இது ஒன்றுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

மதியம் அவர்கள் கை கழுவப் போனபோது, அங்கம்மா இடத்தில் கரணையால் மேல்மண்ணைச் சுரண்டினேன்.

சில்லுகள் சிதறிக் கிடக்கவில்லை. பிறை மாதிரி வளைந்து கிடக்கின்றன. பிறையின் நடுவில் ஒரு முறம் அளவுக்குச் சில்லே இல்லாத வெறும் மண், அழுந்தி இறுகியிருக்கிறது. அங்கேதான் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கமாகக் குறுகலாக இன்னொரு வெற்றிடம் நீள்கிறது. நீட்டிய கால்.

பெருமாயி இடத்திலும் சுரண்டினேன். அதே பிறை. ஆனால் அவருடையதில் சில்லு இடப்பக்கம் கனமாக இருக்கிறது. அங்கம்மாவுடையதில் வலப்பக்கம். திரும்பி வந்த பெருமாயியிடம் காட்டினேன். "அவ பீச்சாங்கைக்காரி இல்ல?" என்றார், இது ஒரு விஷயமா என்பது போல.

கழிவு இல்லை இது. வேலை செய்த தளம். அவர்கள் எழுந்துபோன பிறகு யாரும் கலைக்காத தளம்.

தாள் சாரின் கோப்பில் இருக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

சார் தருமபுரி போயிருந்தார். சொல்லவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

சார் இருந்தார். யாரோ கூட இருந்தார்கள். சொல்லவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

சளி. தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. வழக்கமான நேரம் முடிந்ததும் ஒரு மணி நேரம் இருந்து, கிடைத்த பிறைகளை வரைந்தேன். மூன்று பெண்களும் தாங்களாகவே இருந்தார்கள். கூலி அந்த ஒரு மணி நேரத்துக்குக் கிடையாது என்று சொன்னேன். "தெரியும், நீ இழுத்துப் புடி டேப்ப" என்றார் சரசு.

முப்பத்தெட்டு இடங்கள். இன்னும் புதருக்குள் இருக்கலாம்.

ஏழாம் இடம் யாருடையது என்பதில் பெரிய தகராறு. "எண்பத்தஞ்சுல இருந்து எனுது" என்கிறார் சரசு. "நீ எறவாணத்துக்கிட்ட நெழலுல உக்காந்தவ. எனக்குத் தெரியாதா?" என்கிறார் நல்லம்மா. பெருமாயி திருப்பூருக்குப் வீடியோ அழைப்புப் போட்டார். அங்கம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு திரையில் வந்தார்.

"ஏ அங்கம்மா, உன் எடத்துல இந்த மேடம் உக்காந்துட்டாங்க."

"வாடக கேளுடி."

போனை முற்றத்தில் சுற்றிக் காட்டினோம். ஏழாம் இடம் முதலில் சரசுவுடையது, பிறகு நல்லம்மாவுடையது என்று அங்கம்மா தீர்ப்புச் சொன்னார். யாருக்கும் திருப்தியில்லை. நான் இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டேன்.

அழைப்பை வைக்கும்முன், "எதுக்குடி இதெல்லாம் எழுதறாங்க?" என்று அங்கம்மா கேட்டார். பெருமாயி என்னைப் பார்த்தார். "திங்கக்கெழம வழிச்சுப் போட்றாங்களாம். அதுக்குள்ள எழுதிக்கறாங்க" என்றார் பெருமாயியே.

பிப்ரவரி 20, வியாழன்

சொல்லவில்லை. வரைபடத்தைச் சார் மேசையில் வைத்துவிட்டு வெளியே நின்றேன்.

பத்து நிமிடத்தில் வந்தார். என்னைக் கூப்பிடாமல் நேராகக் கிழக்கு முற்றத்துக்குப் போய், அங்கம்மா இடத்தின் முன் குந்தி உட்கார்ந்தார். ஒரு சில்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கற்கால ஆயுதப் பட்டறையில இப்படிப் பாத்திருக்கேன். ஆலையில பாத்ததில்ல" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. உடனே போன் செய்து ஜே.சி.பி.யை மேற்குப் பக்கத்துக்கு மாற்றினார்.

நான் இத்தனை நாள் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியதும் மூன்றாம் அடுக்கின் தாளை என்னிடம் நீட்டினார். "இதுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். கிழிச்சிட்டுப் புதுசா ஒண்ணு எழுதிடுங்க. தேதி அஞ்சாம் தேதியே இருக்கட்டும். 'பணித்தளம்'. மொதல்லயே கண்டுபிடிச்ச மாதிரி."

தாளை வாங்கிக்கொண்டேன்.

"உங்களுக்காகத்தாம்மா சொல்றேன். நேர்காணல்ல இது ஒண்ணு போதும். இப்படி ஒண்ணக் கண்டுபிடிச்ச பொண்ண யாரும் விடமாட்டாங்க."

பிப்ரவரி 21, வெள்ளி

புதிய தாள் எழுதினேன். 'கண்டறிந்த விதம்' என்ற கட்டத்தில் 'மேற்பரப்பு ஆய்வு'. சார் கையெழுத்துப் போட்டார்.

பழைய தாளைக் கிழிக்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

அப்பாவிடம் வேலை நிச்சயம் போலிருக்கிறது என்றேன். கேட்காமலே நானாகச் சொன்னேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சென்னையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். சார் முற்றத்தைச் சுற்றிக் காட்டினார். பிறைகள் இப்போது துலக்கமாகத் தெரிகின்றன. அதிகாரி நிறையப் படம் எடுத்தார். இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். "மேற்பரப்பு ஆய்வுல" என்றார் சார். "நம்ம ஹேமாவதிதான்."

நான் தரையைப் பார்த்தேன்.

மூன்று பெண்களும் சல்லடையோடு ஓரமாக நின்றிருந்தார்கள். அதிகாரி நல்ல மனிதர். அவர்களிடமும் ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்திருப்பார். "என்னம்மா, தெனம் இங்கதான இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாமப் போச்சே?" என்றார்.

பெருமாயி தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டார். "எங்களுக்கு என்னங்க தெரியும்? நாங்க சோறு திங்கத்தான் உக்காந்தோம். படிச்ச புள்ள, பாத்ததும் கண்டுபுடிச்சிருச்சு."

சரசு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நல்லம்மா முந்தானையால் வாயை மூடினார். அதிகாரியும் சிரித்தார்.

பெருமாயி என்னைக் கேலி செய்தாரா, மனதார எனக்கே கொடுத்துவிட்டாரா என்று தெரியவில்லை. சாயங்காலம் வரை யோசித்தேன். இரண்டில் எது என்றாலும் எனக்கு ஒன்றுதான்.

மதியம் தலைவலி என்று கொட்டகையில் சாப்பிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 26, புதன்

காலையில் பழைய தாளை எடுத்தேன். 'கழிவு' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன், கீழே இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி. பக்கத்தில் 'பணித்தளம்' என்று எழுதி இன்றைய தேதி போட்டேன். 'கண்டறிந்த விதம்' காலியாகத்தான் இருந்தது. அதில் இப்படி எழுதினேன்:

'இங்கு முன்பு கல் கொத்திய பெருமாயி, சரசு, நல்லம்மா ஆகியோர் மதிய உணவுக்கு அவரவர் பழைய இடத்திலேயே அமர்வதைக் கொண்டு. பதிவாளர் தவறுதலாக ஓர் இடத்தில் அமர்ந்தபோது அவர்கள் தடுத்தனர். இடங்களை அங்கம்மா, திருப்பூர், தொலைபேசியில் உறுதி செய்தார்.'

கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஓரத்திலும் எழுத வேண்டியதாயிற்று. கையெழுத்து நன்றாக வரவில்லை.

இரண்டு தாளையும் சாரிடம் கொடுத்தேன். படித்தார்.

"கிழிக்கச் சொன்னேனே."

"மறந்துட்டேன் சார்."

"ஹேமாவதி, இது என்னன்னு தெரியுதா? நீங்களும் நானும் இருபது நாள் முட்டாளா இருந்தோம்னு எழுதி நம்மளே கையெழுத்துப் போடறது."

"ஆமாங்க சார்."

"பிரபாகர் தாள்ல ஒரு அடித்தல்கூட இல்ல. தெரியுமா?"

"தெரியும் சார்." பிறகு, இது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை, "புதுத் தாள்ல அவங்க இல்ல சார். ஆலையோட பழைய கூலி ரெஜிஸ்டர்லயும் அவங்க பேரு இல்ல, 'பெண் கூலிகள்'னுதான் இருக்கு. நம்ம தாள்லயும் இல்லாமப் போயிடும்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "போய் வேலையப் பாருங்க" என்றார்.

பிப்ரவரி 27, வியாழன்

மாலை கோப்பைத் திறந்து பார்த்தேன். புதுத் தாள் இல்லை. பழைய தாள் இருந்தது. நான் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் அவரும் சின்னதாகக் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதியிருந்தார்.

மார்ச் 5, புதன்

ஜே.சி.பி. மேற்குப் பக்கத்தை முடித்தது. தண்டவாளம் கிடைத்தது. அறிக்கைக்கு வேண்டிய பெரிய படம் அதுதான் என்கிறார் பிரபாகர். இருக்கும்.

பெருமாயிக்குத் தாளைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "தவறுதலா உக்காந்துட்டேன்னு உன்னையப் பத்தியே எழுதிக்கிட்டியா? கூறு கெட்டவ" என்றார். மதியம் அவர்தான் குரல் கொடுத்தார். நடக்கிற தடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு.

மார்ச் 12, புதன்

நேர்காணல். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாள்களைப் புரட்டிய அம்மையார் மூன்றாம் அடுக்கில் நிறுத்தி, "இது என்ன இவ்வளவு அசிங்கமா இருக்கு?" என்றார்.

சொன்னேன். நடுவில் நிறுத்தியது அவர்கள்தான், நேரமாகிவிட்டது என்று.

மார்ச் 19, புதன்

பதவி பிரபாகருக்கு. அவர் வந்து, "சாரிங்க" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் தாள்கள் சுத்தமானவை.

சார் மார்ச் 31 வரை என்னைக் கிழக்கு முற்றத்தில் மட்டும் இருக்கச் சொல்லியிருக்கிறார். அறிக்கையில் அதற்குத் தனி அத்தியாயம் போடுகிறாராம். தாளை அப்படியே, கோட்டோடு, அச்சிடுவாராம். "உங்க தப்பும் அச்சுல வரும், பரவாயில்லையா?" என்றார். வீட்டில் இதுவரை யார் பெயரும் எதிலும் அச்சானதில்லை, கல்யாணப் பத்திரிகை தவிர. பரவாயில்லை என்றேன்.

அப்பாவிடம் இன்னும் பேசவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

அப்பாவிடம் பேசினேன். பதவி கிடைக்கவில்லை என்றேன். "சரி, சாப்டியா?" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

முப்பத்தெட்டில் முப்பத்தொரு இடங்களை விரிவாக வரைந்து முடித்தாயிற்று. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாள். இருபத்தாறாம் இடத்தில் பெயர் கிடைக்கவில்லை. டிராலிப் பாதைக்குப் பக்கத்தில், சின்னப் பிறை. அதிக நாள் உட்காராத ஆள். சரசு மாதேஸ்வரி என்கிறார். நல்லம்மா, மாதேஸ்வரி அக்கா, இங்கே உட்கார்ந்தவள் தங்கை, அவள் பெயர் வேறு என்கிறார். திருப்பூரிலும் தெரியவில்லை.

"மாதேஸ்வரின்னே போட்டுருங்க. யாரு வந்து கேக்கப்போறா?" என்றார் பிரபாகர்.

மாதேஸ்வரியை ஓமலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். நாளைக்குப் பெருமாயி வேலைக்கு வரவில்லை. காலை முதல் பஸ்ஸில் ஓமலூர் போய்த் தங்கையின் பெயரைக் கேட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு நாள் கூலி போகுமே என்றேன். "உனக்கு மட்டும் போவலையா?" என்றார்.

தாளில் மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.